கூடுதல் ஒரு மணி நேரம்

எங்கள் ஊரில் மெனாஷே என்று பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறார்கள். என் மகன் சுஃப்யானைச் சாகக் கொடுத்த யூதன் அவர்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஒரு வருஷமாக நானும் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ருவைதா வாயைத் திறந்தால் கழுதைகூட ஒதுங்கி வழிவிடும் என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சொல்வார். அந்த வாய்தான், திறக்க வேண்டிய நாளில் ஒட்டிக்கொண்டது.

எங்களுக்கு நாற்பத்தொரு ஒலிவ மரங்கள். பள்ளத்தில், கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அதற்கு மேலே மேட்டில் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யூதக் குடியேறிகளின் நாலு தகர வீடுகள் வந்தன. இப்போது முப்பது. அங்கே இருப்பவர்களை நாங்கள் மேட்டுக்காரர்கள் என்போம். காய் பறிக்கப் போனால் இறங்கி வருவார்கள், கல்லை எறிவார்கள், காய் விழ விரித்த படுதாவைக் கிழிப்பார்கள், துப்பாக்கியைக் காட்டுவார்கள். நடுவில் ஒரு யூதர் நின்றால் மட்டும் கை கொஞ்சம் அடங்கும். தங்கள் ஆள்மேல் குண்டு பட்டால் பதில் சொல்ல வேண்டுமே. எங்கள்மேல் பட்டால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

அப்படி நடுவில் நிற்க வருகிறவர்தான் மெனாஷே. இஸ்ரேலில், ரமத் கான் என்ற ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தேழு. அவருடைய அப்பா அம்மா பாக்தாதில் பிறந்தவர்கள். அதனால் எங்கள் அரபியைப் பேசுவார், ஆனால் பாக்தாத் இழுவையோடு. சுஃப்யான் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு வரும்போது ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் கொண்டு வருவார். நான் அவருக்கு ஒரு டின் எண்ணெய் கொடுப்பேன்.

“இந்த மஞ்சக் கண்றாவிய மனுஷன் தின்பானா?” என்பேன்.

“உம்மு சுஃப்யான், இது எங்கம்மா பக்குவம். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, ஊறுகாயத் திட்டாதீங்க.”

“உங்கம்மா நல்ல மனுஷிதான். புள்ள வளர்ப்புலதான் கோட்டை விட்டுட்டாங்க.”

உம்மு சுஃப்யான் என்றால் சுஃப்யானின் தாய். அவன் பிறந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். அவன் போன பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கிறது.

ஒரு தடவை, மரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மெனாஷே தானாகவே சொன்னார்.

“எங்க அக்கா பொண்ணு பஸ்ல போயிட்டிருந்தா. உங்க ஆளு ஒருத்தன் குண்டைக் கட்டிக்கிட்டு ஏறி வெடிச்சான். அவளுக்குப் பத்தொம்பது வயசு.”

“அப்புறம் எதுக்கு இங்க வர்றீங்க?” என்று கேட்டேன்.

“வராம இருந்தா அவ வந்துடுவாளா?” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு விதிதான் உண்டு. மெனாஷேயின் வெள்ளைக் கார் ரோட்டில் வந்து நிற்கும் வரை யாரும் கல் சுவரைத் தாண்டக் கூடாது. ஏழு வருஷம் அதை மீறியதில்லை. ஏழு வருஷமும் எல்லாரும் முழு உடம்போடு வீட்டுக்குத் திரும்பினோம்.

இப்போது அந்தக் கடிகார விவகாரத்துக்கு வருகிறேன். கோடையில் முன்னால் தள்ளிவைத்த கடிகாரத்தை, கோடை முடிந்தால் ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவது எங்களுக்கும் உண்டு, இஸ்ரேல்காரர்களுக்கும் உண்டு. நாங்கள் சனிக்கிழமை விடிவதற்குள் திருப்புவோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் திருப்புவார்கள். ஆக, அந்தச் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் ஒரே பள்ளத்தில் இரண்டு நேரம். எங்களுக்கு ஆறு மணி என்றால் அவர்களுக்கு ஏழு. இரண்டு பேரும் ஒரே நாளில் திருப்பித் தொலைத்தால் யாருடைய கிரீடம் இறங்கிவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சுஃப்யான் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளியும் சனியும்தான் அவனுக்கு லீவு. வெள்ளி தொழுகைக்குப் போய்விடும். அதனால் எங்கள் அறுவடை எப்போதும் சனிக்கிழமைதான், கடிகாரம் மாறும் அந்தச் சனிக்கிழமை உட்பட.

அவன் சாவதற்கு முந்தின வருஷம் என்ன நடந்தது தெரியுமா? ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். மெனாஷே தன் நேரப்படி ஏழுக்கு வந்துவிட்டார். நாங்கள் எங்கள் நேரப்படி ஏழுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாவம் மனிதர், ஒரு மணி நேரம் ரோட்டோரம் தனியாகக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். இஸ்ரேல் சிப்பாய்கள் வந்து இங்கே என்ன வேலை என்று குடைந்திருக்கிறார்கள். வந்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறவளா நான்?

“நிலத்தை எடுத்துக்கிட்டீங்க, தண்ணிய எடுத்துக்கிட்டீங்க. இப்ப நேரத்தையும் எடுத்துக்கிட்டீங்களா? எங்க ஊருக்கு வந்தா எங்க கடிகாரத்தைப் பாத்து வாங்க!” என்று எல்லார் முன்னாலும் போட்டேன் ஒரு போடு.

பக்கத்துத் தோப்பு ஹம்தான் கைதட்டினான். மெனாஷே முகம் சிவந்து, “சரிதான், தப்பு என்னுதுதான்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. விருந்தாளியை ரோட்டில் காக்கவைத்துவிட்டு அவரையே திட்டிவிட்டேனே, என் அம்மா கேட்டிருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாளா என்று வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வருஷம் அவருடைய நேரத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆயிரம் தடவை நினைத்துவிட்டேன், சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் வியாழக்கிழமை அவர் போன் செய்தார்.

“எத்தனை மணிக்கு வரட்டும் உம்மு சுஃப்யான்?”

“ஏழு மணி.”

“ஏழு. சரி. ஊறுகாய் கொண்டு வரட்டுமா, வேண்டாமா?”

“கொண்டு வந்து தொலைங்க.”

அவ்வளவுதான் பேச்சு. நான் அவருடைய ஏழு மணியைச் சொன்னேன். அவர் என்னுடைய ஏழு மணி என்று எடுத்துக்கொண்டார். நான் போட்ட போட்டை மனிதர் ஒரு வருஷமாக மறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் அந்தப் பெண் குதூகலமாகச் சொன்னாள், நாளைக்கு எல்லாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று. என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தைத்தான் நான் கட்டியிருப்பேன். மெனாஷேயின் நேரத்தைக் காட்டட்டும் என்று அதை நான் திருப்பவில்லை. மறுநாள் காலை அது ஆறு காட்டியபோது சுஃப்யானின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனேன். அவன் மனைவி இனாஸும் குழந்தை லமீஸும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

“அம்மா, அஞ்சு மணிதான் ஆகுது. ரேடியோல கேட்டீங்கல்ல, இன்னைக்கு ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்.”

“எந்திரிடா சோம்பேறி. விருந்தாளி வந்து காத்துக் கிடப்பாரு.”

“இன்னும் ஒரு மணி நேரம்மா. ஒரே ஒரு மணி நேரம்.”

நான் போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

சுவரருகே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. என் கடிகாரத்தில் ஏழு. ரோட்டில் கார் இல்லை. மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லை, அவர்களுக்கு ஆறு மணிதானே. அந்தப் பள்ளத்தில் எங்கள் போனுக்கு சிக்னல் கிடையாது. கால் மணி நேரம் நின்றோம். எனக்குப் பொறுமை இருந்தால்தானே?

“அவரு ஒரு நாளும் லேட்டா வந்தவரில்ல. இந்தா வந்துடுவாரு. நீ போய் முதல் மரத்துக்குப் படுதாவ விரி” என்றேன்.

“கார் வரட்டும்மா.”

“விரிச்சு மட்டும் வைடா. நேரம் போவுது.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்ககிட்ட சண்டை போடறதுக்கு மேட்டுக்காரங்களே தேவலாம்” என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தாண்டினான்.

மூன்று பேர் இறங்கி வந்தார்கள். எல்லாரும் சின்ன வயசு, முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஒருவன் கத்தினான். சுஃப்யான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிப் பின்னால் நடந்தான். ஒரே ஒரு வெடிச் சத்தம்தான் கேட்டது. நான் சுவரைத் தாண்டி ஓடினேன். அவர்கள் ஓடக்கூட இல்லை, திரும்பி மெதுவாக மேட்டில் ஏறிப் போனார்கள்.

தொடைக்கு மேலே, இடுப்போரத்தில் பட்டிருந்தது. என் தலைத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். ஊர் வந்து சேர்ந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, வளைவில் சிப்பாய்கள் நிறுத்திவைத்தார்கள். அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கார் வந்து நின்றது. மெனாஷே பையோடு இறங்கி, எங்களைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து, என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். இரண்டு மணிக்கட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. அவர் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தார். அதில் ஏழு மணி. என்னுடையதில் எட்டு.

நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். சுஃப்யான் அதற்குள் குளிர்கிறது, குளிர்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். காலையில் நான் இழுத்தெறிந்த போர்வைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆம்புலன்ஸை விட்டபோது அவன் பேச்சு நின்று போயிருந்தது. சுட்டவன் யார் என்று தெரியவில்லை என்று போலீஸ் அப்புறம் கேஸை மூடிவிட்டது.

துக்கத்தின் மூன்றாம் நாள் மெனாஷே வந்தார். முற்றத்தில் பந்தல் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் உள்ளே. அவர் பெயர் காதில் விழுந்ததும் நான் எழுந்து கதவோரம் போய் நின்றேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தனியாக, ஊர் நடுவே நடந்து வந்திருந்தார். அதற்கே எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பழக்கதோஷத்தில் ஒரு பையன் சர்க்கரை போடாத துக்கக் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அபு ஹிஷாம் எழுந்தார். ஊரில் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

“குடிக்கறதுக்கு முன்னால ஒரு கேள்வி. நீ வந்தப்புறம்தான் சுவரத் தாண்டறதுன்னு இருந்துச்சு. ஏழு வருஷமா கரெக்டா வந்தவன், அன்னைக்கு எங்கய்யா போன?”

மெனாஷே தலையைத் தூக்கினார். கதவோரம் நின்ற என்னை நேராகப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார், மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனவள் இவள்தான் என்று சொல்லப்போகிறார். எனக்குப் பின்னால் இனாஸ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தூங்கிட்டேன்” என்றார் மெனாஷே.

“என்னது?”

“தூங்கிட்டேன். அலாரம் அடிச்சது, நிறுத்திட்டுத் திரும்பவும் தூங்கிட்டேன். தப்பு என்னுதுதான்.”

அபு ஹிஷாம் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, காப்பியை அவர் காலடியில் மண்ணில் ஊற்றினார். துக்க வீட்டில் கொடுத்த காப்பியைத் திருப்பி வாங்கி ஊற்றுவதற்கு மேல் எங்களுக்கு வேறு அவமானம் கிடையாது. மெனாஷே திரும்பி நடந்தார். பின்னாலேயே சின்னப் பிள்ளைகள் கல் எறிந்துகொண்டு போனார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை, எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றோடு எந்த யூதனும் எங்கள் தோப்புப் பக்கம் வரக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. மேட்டுக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிர்காலத்தில் எங்கள் மரங்களில் இருபத்திரண்டை ரம்பம் போட்டு அறுத்தார்கள். வசந்தத்தில் உழப்போன ஹம்தானின் கையை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது, “அந்த மெனாஷே நாயி மட்டும் கையில கிடைச்சா...” என்று படுக்கையில் கிடந்தபடி பல்லைக் கடித்தான். நான் கொண்டுபோன ஆரஞ்சுகளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த ஐப்பசியில், அறுவடைக்கு என்ன செய்வது என்று அபு ஹிஷாமின் முற்றத்தில் கூடினார்கள். நடுவில் நிற்க ஆள் இல்லாமல் போனால் அடி விழும், போகாவிட்டால் காய் உதிர்ந்து வீணாகும். ஹம்தானின் கோணிப்போன கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்தேன்.

“மெனாஷே தூங்கல. அவரு சரியான நேரத்துக்குத்தான் வந்தாரு. நம்ம நேரப்படி ஏழு. நான்தான் என் புள்ளைய ஆறு மணிக்கே அங்க கூட்டிட்டுப் போனேன். சுவரத் தாண்டச் சொன்னதும் நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். போன், கடிகாரம், ஒன்று விடவில்லை. பிறகு அபு ஹிஷாம் என் பக்கம் வந்து, ரொம்பப் பரிவாக, “பெத்த வயிறு அப்படித்தான்மா பேசும். பழிய உன் தலையில போட்டுக்காத. அந்த யூதனே ஒத்துக்கிட்டானே. போ, வீட்டுக்குப் போய்ப் படு” என்றார். கூட்டமும் தலையாட்டியது. அவர்களுக்கு மெனாஷேதான் தேவைப்பட்டார். நான் சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் யார்மேல் துப்புவார்கள்?

வீட்டுக்கு வந்தேன். இனாஸ் கட்டில்மேல் லமீஸின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

“இனாஸ்...”

“எனக்குத் தெரியும் மாமி. அன்னைக்கே தெரியும். இன்னும் ஒரு மணி நேரம்மான்னு அவரு கெஞ்சினது உங்களுக்கு மட்டுமா கேட்டுச்சு? நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“ஒரு வருஷமா உங்க முகத்தையே பாத்துட்டிருந்தேன். இன்னைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு. சொல்லியிருந்தா உங்க மடியில படுத்து அழுதிருப்பேன். நம்ம ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்.”

“இப்ப சொல்லிட்டேனேம்மா.”

“ஊர்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல.”

மறுநாள் அவள் அண்ணன் வந்து அவளையும் குழந்தையையும் ஜெனினில் இருக்கும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். லமீஸ் கார்க் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற மாதிரிதான் ஆட்டினாள்.

மெனாஷேவுக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்ததும், “யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

“எல்லார்கிட்டயும்.”

“ஏன் சொன்னீங்க? நான் தூங்கிட்டேன்கறதே நல்லாத்தான இருந்துச்சு.”

“என்ன நல்லா இருந்துச்சு? இந்த வயசுல பொய் பேச வெட்கமா இல்ல உங்களுக்கு?” என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அவர் போனை வைக்காமல் அப்படியே இருந்தார். நான் அழுது ஓய்ந்ததும், “சனிக்கிழமை வரட்டுமா?” என்றார்.

“வாங்க.”

“எத்தனை மணி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, “வெளிச்சம் வந்ததும் வாங்க” என்றேன்.

வெள்ளிக்கிழமை ரேடியோவில் அந்தப் பெண் இந்த வருஷமும் அதையே சொன்னாள். அணைத்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தபோது வெள்ளைக் கார் ரோட்டில் நின்றது. கண்ணாடியில் ஒரு விரிசல், வழியில் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். ஆள் இளைத்துப் போயிருந்தார். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஹம்தானும் நின்றான். ஒருவரும் சுவரைத் தாண்டவில்லை. ஏணியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் பிடித்தேன். மிச்சமிருந்த பத்தொன்பது மரத்தில் முதல் மரத்தடியில் படுதாவை விரித்தோம். சுஃப்யான் விழுந்த இடத்தில் மண் சாதாரணமாகத்தான் இருந்தது. மேட்டில் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

அரைச் சாக்குகூட நிறையவில்லை, சிப்பாய்கள் காகிதத்தோடு வந்துவிட்டார்கள். இந்தப் பகுதி ராணுவ உத்தரவுப்படி மூடப்பட்டிருக்கிறது, பத்து நிமிஷத்தில் வெளியேற வேண்டும் என்றான் ஒருவன். மெனாஷே பழக்கத்தில் மணி பார்க்கக் கையைத் திருப்பினார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. நான் என் கையைப் பார்த்தேன். என் கையிலும் இல்லை.

“பறிங்க. நேரமாச்சுன்னா அவனே வந்து சொல்லட்டும்” என்றேன்.

அவர் திரும்பவும் ஏணியில் ஏறினார். நான் கீழே படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.